வெயிலில் நனைந்த ஆடுகள்

அன்புள்ள ஜோலீன்,

இங்கே எல்லோரும் சுகம். கொட்டகையில் எங்களுக்குச் சமைக்க வந்த உன் தம்பி டேரிலும் மிக மிகச் சுகம். மழை பெய்து மாதக்கணக்காகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் இன்று கம்பளி வெட்டவில்லை. ஆடுகள் நனைந்துவிட்டனவாம்!

நேற்று அவன் வைத்த கறிக்குழம்பை நம் நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. காலையில் கிழட்டு மெர்வ் கம்பளி வெட்டும் மெஷினைத் தொடாமலே என்னிடம் சொன்னான்: "ஆடெல்லாம் ஈரம்ப்பா. சீட்டுப் போடு."

"எங்கய்யா ஈரம்? தொட்டா கை சுடுது!" என்றேன்.

"உன் மச்சான் நல்லா சமைப்பான்னு நீ சொன்னே, நாங்க நம்பினோம். ஆடு ஈரம்னு நாங்க சொல்றோம், நீ நம்பு."

கொட்டகையே சிரித்தது. நானும்தான். ஆனால் இரண்டு நாளாக நான் சொல்லும் ஆட்டுக் கணக்கைக்கூட அவர்கள் மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள், ஜோலீன். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

டேரிலைக் கேட்டேன். "எனக்குச் சமைக்கத் தெரியும்னு நானா சொன்னேன்? அக்காதானே சொன்னா!" என்று கரண்டியைப் போட்டுவிட்டு, பாடிக்கொண்டே ஆடு ஓட்டப் போய்விட்டான். அதில் அவன் கெட்டிக்காரன். உன்னை நான் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடு, பெரிய வாணலியோடு.

நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஈரக் கம்பளியை வெட்டக் கூடாது; சீட்டில் ஈரம் என்று அதிகம் பேர் எழுதினால் அன்று வேலை கிடையாது. கம்பளி வெட்டுகிறவர்கள், என்னையும் சேர்த்து, ஐந்து பேர். என் தொப்பியில் விழுந்த ஐந்து சீட்டிலும் ஈரம்.

பசியோடு,
உன்னவன்