வங்கி மேசையில் விரித்த ஸகாத் ரசீது

மருதமுனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் மச்சானுக்கு,

ஸலாம். உம்றாப் பயணம் போன மனிதரிடம் கோபமாகக் கதைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் உங்கள் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் என் சத்தம் கேட்கும். ஞாயிறு மக்காவுக்குப் புறப்படும் மீராமுகைதீன் காக்காவிடம் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். நம் மகள் ஹிமாயாவின் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து, அவளுக்குக் கட்டும் சீதன வீட்டின் வேலை எப்போது தொடங்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் கொடுத்தேன்.

அந்த வீட்டுக்காக என் சீதன வளவுக் காணியை ஈடு வைத்துக் கடன் கேட்டோம் அல்லவா? நேற்று வங்கியில் கூப்பிட்டார்கள். எல்லாக் கடதாசியும் அலுமாரிப் பைலில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி, பைலை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

கடன் பகுதியில் இருக்கும் கேதீஸ்வரன் சேர், உங்கள் சாரன் துணிக்கடை வருமானம் தவணை கட்டப் போதாது என்றார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கடை மட்டுமா சேர், வரிப்பத்தான்சேனைப் பக்கம் எங்கட நெல் வெட்டுற மெசின் ரெண்டு, ரெண்டு போகமும் ஓடுதே என்றேன். அதற்கு எழுத்தில் ஏதும் உண்டா என்று கேட்டார். பைலில் இருந்த ஸகாத் குழு ரசீதுகளை, மூன்று வருடத்தையும், பெருமையாக மேசையில் விரித்தேன். கடைச் சேமிப்பு இவ்வளவு, மெசின் வாடகைச் சேமிப்பு இவ்வளவு, நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்கு ஸகாத் என்று எல்லாக் கணக்கின் கீழும் உங்கள் கையெழுத்து. ஒரு சதம் மறைக்கவில்லை.

அவர், கடன் விண்ணப்பத்தோடு நீங்கள் கொடுத்த வருமான வரிப் படிவங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவற்றில் மெசின் என்ற சொல்லே இல்லை. கீழே, சொன்னதெல்லாம் உண்மை என்று அதே கையெழுத்து.

வேறு யாருடைய படிவமாக இருக்குமோ என்று பெயரை மூன்று தரம் வாசித்தேன். பத்தொன்பது வருடம் உங்களோடு குடும்பம் நடத்துகிறேன். கடைக்காரர் மிச்சக் காசைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் ஓடிவந்து திருப்பிக் கொடுக்கும் மனிதர் என்று ஊர் சொல்லும். பயணம் போகுமுன் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டீர்களே, என்னிடம் இதை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

கேதீஸ்வரன் சேர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. பாத்தத பாக்காத மாதிரி என்னால இருக்கேலாதும்மா, வரிய திருத்திக் கட்டிப்போட்டு வாங்க என்றார். மூன்று வருட நிலுவையும் அபராதமும் கட்டினால் நம் கையிருப்பில் பாதி போய்விடும். வீடு இரண்டு அறையோடு நின்றுவிடும்.

இரவு உங்கள் தம்பி இன்பாஸ் வந்தார். வேற வங்கிக்குப் போவம் மதினி, கடை வருமானத்தக் கூட்டி எழுதுவம், ஸகாத் ரசீதக் கிழிச்சிப் போடுங்க, நீங்க ஒரு சைன் மட்டும் வெச்சாக் காணும் என்றார். ஸகாத் ரசீதைக் கிழிக்கச் சொல்கிறார், மச்சான்! எல்லோரும் செய்வதுதானே என்று நீங்களும் சொல்வீர்கள் என்பது தெரியும். வளவு என் பெயரில் இருக்கிறது. பொய்க் கணக்குக்குக் கீழே நான் கையெழுத்து வைக்கமாட்டேன். ஹிமாயாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதாள். பிறகு, ரெண்டு அறை போதும் உம்மா என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ச் சொல்கிறேன். அவர்கள் விட்டுவிட்டுப் போனால் அதையும் தாங்குவோம்.

வெயிலில் கவனம். மாத்திரையை மறக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்குள்ள கோபம், நீங்கள் நல்லபடி வந்து சேரும்வரை காத்திருக்கும்.

அல்லாஹ் உங்கள் உம்றாவை ஏற்றுக்கொள்ளட்டும். கஃபாவின் முன்னால் நின்று மகளுக்கு வீடு கேட்காதீர்கள். ஊர் வந்ததும் வரி கட்டும் கந்தோருக்குப் போக உங்கள் கால்களுக்குத் தைரியம் கேளுங்கள். நானும் கூட வருவேன்.

உங்கள்
சுபைறா