ஹெரால்டுக்கு அரக்கு எனாமல்

என் பலராமன் அண்ணாவுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டு. உன் ஹெரால்டு காருக்குப் பெயின்ட் அடித்துவிட்டோம். ஹார்டுவேர் கடையில் வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் வாங்குவார்களே, அதே எனாமல்தான். ஸ்பாஞ்சு ரோலரை வைத்து அடித்தது நானும் உன் பெண்டாட்டி கஸ்தூரி அண்ணியும்.

நீ கண்ணை மூடிய பிறகு வண்டி ஷெட்டிலேயே நின்றது. முசரவாக்கத்தில் மூடிப்போன ரைஸ் மில்லிலிருந்து டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்த வண்டி. டெப்போவில் நாளெல்லாம் பஸ்களோடு மல்லாடிவிட்டு வந்து, அதன் இன்ஜினைப் பிரித்துக் கோத்து ஓட வைத்தாய். உடம்பு மட்டும் பாதி பழைய நீலம், பாதி துருப்பிடிக்காமல் இருக்க அடித்த ரெட் ஆக்சைடு. "முறையா பெயின்ட் பூத்துல வெச்சு ஸ்ப்ரே அடிச்சிட்டு, அப்புறம்தான் கஸ்தூரிய ஏத்துவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

உன் பிள்ளை பிரபுவின் படிப்பு வந்தது. அண்ணிக்கு ஆபரேஷன் வந்தது. மாடி ஒழுகியது. ஒவ்வொரு முறையும் தள்ளிப்போனது பெயின்ட்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை வரை நீ மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவாய். அண்ணி வாசலில் நின்று பார்ப்பார். உள்ளே உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது உனக்குத் தெரியுமா அண்ணா? ஒரு தடவையாவது கேட்டாயா?

போன மழைக்காலம் முடிந்ததும் பிரபு பெங்களூரிலிருந்து ஓர் ஆளை அனுப்பினான். பழைய கார்களாக வாங்கிச் சேர்ப்பவர். பானெட்டை மொத்தமாக முன்பக்கம் தூக்கிப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"அப்படியே ஒரிஜினலா இருக்குதும்மா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். முக்கியமா பெயின்ட் கியின்ட் அடிச்சிடாதீங்க. கை வெச்சா மதிப்பே போச்சு. லாரி அனுப்பி ஏத்திக்கிறேன்."

அண்ணி டீ டம்ளரை நீட்டியபடி கேட்டார்: "எதுக்கு லாரி? அதான் ஓடுதே. நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"ஓட்டறதில்லம்மா. இந்த மாதிரி வண்டியெல்லாம் உறை போட்டு ஷெட்ல வெச்சிருக்கோம்."

அண்ணி யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் நான் ஒரு கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். வந்து மெஷின் பக்கத்தில் நின்றார்.

"மீனா, கெளம்பு. பெயின்ட் வாங்கணும்."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பயமாக இருந்தது. "அடிச்சா அந்த ஆளு வாங்க மாட்டாரு அண்ணி."

"அதுக்குத்தான்."

கடைக்காரர் கலர் அட்டையை எடுத்துப் போட்டார். அண்ணி அதைப் புரட்டக்கூட இல்லை. "அரக்குல குடுப்பா."

"கேட்டுக்காம்மா?"

"காருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவை இறக்கினார். பழைய நீலத்தையே அடிக்கலாமே என்று நான் சொன்னதற்கு, "அது மில்லுக்காரர் புடிச்ச கலரு. இது எனக்குப் புடிச்சது" என்றார்.

முதல் தடவை சொதப்பிவிட்டோம் அண்ணா. சீக்கிரம் முடியட்டும் என்று கெட்டியாக அடித்தோம். கதவெல்லாம் வடிந்து, மெழுகுவத்தி உருகின மாதிரி ஆகிவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி, வடிந்ததையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு டர்பன்டைன் கலந்து தண்ணியாக, மெல்லிசாக அடித்துக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்தோம். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், நாங்கள் ரோலரை உருட்டிக்கொண்டே இருப்போம். தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

நடுவில் பிரபு போன் செய்தான். விஷயம் தெரிந்ததும் கத்தினான். "அப்பா இத்தன வருஷம் பொத்திப் பொத்தி வெச்சிருந்த வண்டிம்மா! கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ட போய்..."

அண்ணி நிதானமாகத்தான் பேசினார். "ஆமா, பொத்தித்தான் வெச்சாரு. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். அதுல உக்காரணும்னு எனக்கு ஆசப்பா. அவர் பக்கத்துல உக்காந்து போகணும்னு இருந்தேன், அது நடக்கல. இப்ப நீயும் வேற ஷெட்டுக்கு அனுப்பறேன்ற."

அவன் போனை வைத்துவிட்டான். அப்புறம் ரொம்ப நாள் கூப்பிடவே இல்லை. அந்த நாட்களில் அண்ணி ரோலரைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நெற்றியெல்லாம் அரக்கு அப்பியிருக்கும். நாம் செய்தது சரிதானா என்று நானும் அப்போது கலங்கினேன்.

போன வாரம் அவனாகவே வந்தான். பையைக்கூட இறக்காமல் ஷெட்டுக்குப் போனான். காரை ஒரு சுற்று சுற்றி, கதவை விரலால் தடவினான். "அத்த, கிட்டத்துல பாத்தா ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்குது" என்றான். "அப்ப தூரத்துல நின்னு பாரு" என்றேன். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அண்ணியும் சிரித்தார். சாவியை அவரிடமிருந்து அவனே வாங்கிக்கொண்டான்.

அண்ணி முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால். நம்ம ஊர் ராஜ வீதிகளைச் சுற்றிவிட்டு அப்படியே மாகறல் கோயில் வரை போனோம். அண்ணி கண்ணாடியை இறக்கிவிட்டு, முடி பறந்து முகத்தில் விழுவதைக்கூட ஒதுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா, "புது வண்டியாம்மா?" என்று கேட்டாள். "எனக்குப் புதுசுதான்" என்றார்.

திரும்பி வரும்போது மெதுவாக ஒன்று சொன்னார். "இதுக்கா இவரு இவ்ளோ நாள் காத்துக்கினு இருந்தாரு? அப்படியே கூட்டிக்கினு போயிருந்தாலும் நான் வந்திருப்பேனே." நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன்னை நான் குறை சொல்லவில்லை அண்ணா. நல்லதாகத்தான் தர வேண்டும் என்று நினைத்தாய். அரைகுறையாக எதையும் அவருக்குத் தரக் கூடாது என்பது உன் அன்பு. ஆனால் காத்திருந்தது அவர். கடைசியில் அவர் போனது நீ அரைகுறை என்று சொல்லியிருக்கக்கூடிய வண்டியில்தான். அந்த சந்தோஷம் அரைகுறையாக இல்லை, நான் பார்த்தேன்.

பிரபு ஊருக்குப் போய்விட்டான். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். இந்த வயதில் கிளச்சும் கியரும் என்னைப் படாதபாடு படுத்துகின்றன, ஆனாலும் விடுவதாக இல்லை. உனக்கு ஒரே ஒரு வாக்கு கொடுக்கிறேன். அண்ணிக்கு எங்கே போக வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே, தோன்றிய அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவேன்.

உன்மேல் பாசத்தோடு, கொஞ்சம் கோபத்தோடும்,
உன் ஒரே தங்கச்சி
மீனா