பிரியாணிக்குப் போட்ட கையெழுத்து

என் அருமை மாப்பிள்ளை ஆறுமுகத்துக்கு,

முதலில் வலது கையை உயர்த்தி ஓர் உறுதிமொழி. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நம் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பாயான் லெப்பாஸில் நம்பமாட்டார்கள். கடல் தாண்டி பாகான் டாலாமில் இருக்கும் என் சொந்தத் தம்பியே நம்பமாட்டான். நீயும் நம்பியிருக்க மாட்டாய். ஆனால் இப்போது குறுக்கே பேச உனக்கு வழியில்லை. நம் நாற்பது வருடப் பழக்கத்தில் எனக்கு இந்த வசதி கிடைப்பது இதுவே முதல் தடவை. அதை வீணாக்குவதாக இல்லை.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. நீ என் தங்கை தனத்தின் கணவன். நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பூமியில் பிறந்தவர்களில் அதிகமான மனு எழுதியவன் நீதான்; உன் கடிதங்களை அடுக்கி வைக்கவே அரசாங்க அலுவலகத்தில் ஒரு மாடி கூடுதலாகக் கட்டினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

நம் லிப்டைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டுமா? அதில் கல்யாணப் பெண்ணாக ஏறியவள் பேரப்பிள்ளையோடுதான் வெளியே வந்தாள். நான்காம் மாடியில் குழாய் கசிந்து கசிந்து ஒரு ஏரியே உருவாகிவிட்டது. அங்கே மீன் பிடிக்க யாரோ லைசன்ஸ் கேட்டதாகவும் கேள்வி. ஆனால் ஏழாம் மாடியிலிருந்து உன்னைக் கீழே இறக்கிய அந்தக் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சவப்பெட்டி லிப்டுக்குள் நுழையாது. இரண்டாம் மாடி லிம்மும் நானும் முன்னால், மூன்றாம் மாடி ரொஹானி அக்காவின், அதாவது நம் காக் ரொஹானியின், மகன்கள் இருவரும் பின்னால். ஒவ்வொரு படித் திருப்பத்திலும் உன்னை நிமிர்த்திச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தெரியுமா உனக்கு? ஆறாவது திருப்பத்தில் லிம் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் படிக்கட்டில் இறங்கிய யாருமே, கட்டடம் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லமாட்டார்கள். நீயும் சொன்னதில்லை. இடியுங்கள், புதிதாகக் கட்டுங்கள், ஆனால் கட்டிய பிறகு உள்ளே நாங்களும் இருக்க வேண்டும். உன் நீலக் கோப்பில் இருக்கும் அத்தனை மனுவையும் பிழிந்தால் சொட்டுவது இது ஒன்றுதான்.

நீ போன ஐந்தாவது மாதம் ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம், வழவழப்பான காகிதத்தில் வானத்தைத் தொடும் கட்டடத்தை வரைந்துகொண்டு வந்தது. மொட்டை மாடியில் நீச்சல் குளம். குளத்தோரம் சாய்ந்திருந்த ஒருவர்கூட நம்மைப்போல் இல்லை. பழைய குடியிருப்பாளருக்கு அதில் ஒரு வீடு உண்டாம், இப்போதிருப்பதைவிடச் சிறியதாக. கட்டி முடியும்வரை பினாங்குப் பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில் எங்கேயோ போய் இருக்க வேண்டுமாம். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

மற்றவர்களுக்கு அது அநியாயம். தனத்துக்கு அது வெளியே போகச் சொல்லும் வாசற்கதவு. ஏனென்றால் புது வீடு பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும் என்று அந்தத் தாளில் இருந்தது. வீடு உன் பெயரில். பெயர் மாற்றும் மனு நில அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறது. நீ உரிமையாளர், ஆனால் நீ இல்லை. தனம் இருக்கிறாள், ஆனால் உரிமையாளர் இல்லை. முப்பது வருடம் துடைத்த தரையின்மேல் நின்றுகொண்டு என் தங்கை, "அண்ணே, அப்ப நான் யாரு?" என்று கேட்டாள்.

இனிதான் நம்ப முடியாத பகுதி. நன்றாக உட்கார்ந்துகொள்.

நம் பிளாட்டின் வழக்கம் உனக்குத் தெரியும், ஏற்படுத்தியவனே நீ. கோத்தோங் ரோயோங் என்று எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பெருக்கினாலும் சரி, தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டு விருந்தானாலும் சரி, வாசலில் ஒரு தாள் இருக்கும். பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு பொட்டலம். ஒரு மனிதன் நான்கு பொட்டலம் தூக்கிக்கொண்டு போனதால் நீ கொண்டுவந்த சட்டம் அது. அந்த மனிதன் நான்தான் என்பதை இங்கே விரிவாகப் பேச வேண்டாம். அன்றிலிருந்து அந்தத் தாளின் மேல்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. பேர், நம்பர், பொட்டலம், அவ்வளவுதான்.

நிறுவனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளத்து மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தது. கோழி பிரியாணி. அந்த வாசனைக்குத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கப்பல் ஜெலுத்தோங் பக்கம் திரும்பின. பினாங்கு மலை ரயில் ஓட்டுநரில்லாமல் கீழே இறங்கி வந்தது. வாசலில் தாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், பொட்டலம் வாங்கினோம், விளக்கத்தைக் கேட்டோமா என்று ஞாபகமில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூட்டம். பூப்போட்ட பாத்தேக் சட்டையில் நிறுவனத்தின் இளம் அதிகாரி ஒருவர் வந்தார். நம்மாள், மலாயும் தமிழும் சரளம், மரியாதையான பையன். குடியிருப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் கொள்கையளவில் சம்மதித்துவிட்டதாகப் புன்னகையோடு சொல்லி, பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். பார்த்தால் பிரியாணித் தாள். மேலே மலாயில் இரண்டு வரி, நாம் படிக்காத இரண்டு வரி: மறுமேம்பாட்டுக்குச் சம்மதிக்கிறோம்.

பெயர்கள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அப்போது வந்தாய் நீ. ஏழாம் மாடி, ஆறுமுகம், உன் வளைந்த கையெழுத்தோடு.

நீ காலமாகி ஆறு மாதம். உன்னைச் சுமந்த தோள்கள் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தன. காக் ரொஹானி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நீ போன பிறகு சங்கத்தை நடத்தும் தலைவர் லிம் எழுந்து, போலீசில் புகார் கொடுக்க வேண்டும், இறந்தவரின் கையெழுத்தைத் திருடியிருக்கிறார்கள் என்றார். பாத்தேக் சட்டைக்காரரின் முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது.

நான் எழுந்தேன் மாப்பிள்ளை. நான் எழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். செத்தும் விடவில்லையே இவர்களை என்று உன்னை வாழ்த்தி, மயானத்தில் போய்க் கையெழுத்து வாங்கும் நிறுவனம் இது என்று தொடங்கி, கொம்தார் கோபுரத்து உச்சியில் இருப்பவனுக்கும் கேட்கும் குரலில் பொழிந்தேன். ஜனங்கள் மேசையைத் தட்டினார்கள். ஜெயித்துவிட்டோம். என் கையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள்.

தனம்.

"உக்காருங்கண்ணே," என்றாள். "அது நான் போட்டது."

வாயைத் திறக்காதே என்று அவள் காதில் சொன்னேன். சொன்னால் கள்ளக் கையெழுத்து என்பார்கள், இதைச் சாக்காக வைத்து உன் வீட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள், இருக்கிற ஒரு பிடியும் போய்விடும் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. உண்மையிலேயே போயிருக்கக் கூடும்.

"பொய் சொல்லி வாங்குற வீட்டுல எப்படிண்ணே சாமி விளக்கு ஏத்துறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

உன் மனைவி கூட்டத்தில் பேசி நீ பார்த்திருக்கிறாயா? நீ மேடையில் பேசிக்கொண்டிருப்பாய். வாசலில் இரண்டு பேருக்கும் அவளே கையெழுத்துப் போட்டு, இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்திருப்பாள். இத்தனை வருடமும் அப்படித்தான். அன்றைக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறாள். முதலில் உன் பெயர், உன் வளைவோடு, அதன் கீழே தன் பெயர். பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் இரண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

அதை அப்படியே சொன்னாள். சந்தைப் பேச்சான பாசார் மலாயில், திக்கித் திக்கி, லிம்முக்கும் ரொஹானிக்கும் புரியும்படி. பிறகு பாத்தேக் சட்டைக்காரர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"தம்பி, அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரியும். என் கைக்கு இன்னும் தெரியல."

பிறகு அவளே சேர்த்துக்கொண்டாள். "நான் சோத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போடல."

அடுத்து நடந்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். காக் ரொஹானி எழுந்தார். தானும் நான்கு கையெழுத்துப் போட்டதாகவும், அதில் ஒன்று பல்லே முளைக்காத பேரனுடையது என்றும் ஒப்புக்கொண்டார். அவர் உட்காருமுன் லிம் எழுந்தார். ஆம், போலீசைக் கூப்பிடச் சொன்ன அதே தலைவர். மெல்பர்னில் இருக்கும் தன் மகளுக்கும் ஒன்று போட்டிருக்கிறார். மெல்பர்ன் போய்ச் சேர்வதற்குள் பிரியாணி ஆறியிருக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி. ஒரு முந்நூறு பேர், நானூறு பேர், பக்கத்து பிளாட்டிலிருந்தும் ஓடி வந்து, ஊரில் இல்லாத தம்பிக்கு, ஹஜ்ஜுக்குப் போன மாமியாருக்கு, இன்னும் கல்யாணமே ஆகாத மருமகளுக்குப் போட்ட கையெழுத்துகளை வரிசையாக ஒப்புக்கொண்டார்கள். நான் மட்டும் ஏழு. அதில் ஒன்று என் பூனை. ஆறாம் மாடி கருப்பன், மறுமேம்பாட்டுக்குச் சம்மதம்.

பாத்தேக் சட்டைக்காரர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கணினியை மூடிவிட்டுத் தனத்திடம் வந்தார். "இந்த லிஸ்ட் செல்லாதுக்கா. நானே எழுதிக் குடுத்துடுறேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். உன் நீலக் கோப்பில் கடைசித் தாளாக அதைத்தான் வைத்திருக்கிறோம்.

யோசித்துப் பார். என் வழியில் போயிருந்தால் ஒரு கையெழுத்துத்தான் பொய் என்று ஆகியிருக்கும். அதைத் தள்ளிவிட்டு மற்றதை வைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் உண்மையைச் சொன்னதால் பட்டியலே கரைந்துபோனது. இதை நான் வெளியில் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நம் பிளாட்டின் நடைமுறை மாறிவிட்டது. எந்தத் தாளானாலும் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் உரக்கப் படித்த பிறகுதான் பேனாவின் மூடியையே திறக்கிறோம். சாப்பாடு போடும் நாளில் கையெழுத்து இல்லை, கையெழுத்துப் போடும் நாளில் சாப்பாடு இல்லை. கூட்டங்களுக்கு வருகிறவர்கள் குறைவார்கள் என்று நினைத்தேன். கூடியிருக்கிறார்கள்.

இப்போது ஒப்பந்தத்தின் வரைவு எங்கள் கையில். இதே நிலத்தில் வீடு, இப்போதிருப்பதைவிட ஒரு சாண்கூடக் குறையாமல். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இடம் உண்டு. கட்டி முடியும்வரை ஜெலுத்தோங்கிலேயே தற்காலிக வீடு, பிள்ளைகளின் பள்ளியும் பாயான் லெப்பாஸ் போகும் ஃபேக்டரி பஸ்ஸும் கைக்கெட்டுகிற தூரத்தில். பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒரு வரம்பு. ஒரு மனிதன் படுத்த நிலையில் போகும் நீளத்தில் லிப்ட். அது லிம்மின் பிடிவாதம். உரிமையாளர் காலமாகியிருந்தால் அந்த வீட்டில் வாழும் துணைக்கே புது வீடு என்று தனியாக ஒரு வரி. அந்த வரியை எழுதச் சொன்னது யார் என்று நினைக்கிறாய்? காக் ரொஹானி. எழுதியது அந்தப் பாத்தேக் சட்டைத் தம்பி.

இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. வழக்கறிஞர் பார்க்கிறார். இழுப்பார்கள், குறைக்கப் பார்ப்பார்கள், இன்னொரு வழவழப்பான தாள் வரும். வரட்டும். படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். தனம் இப்போது சங்கத்தின் செயலாளர். உன்னைவிடச் சுருக்கமாக எழுதுகிறாள். பதிலும் சீக்கிரம் வருகிறது. வருத்தப்படாதே.

உனக்கு என் வாக்கு: அவள் கையில் புது வீட்டின் சாவி விழும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையில் நான் இருப்பேன். அவள் எழுந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன்.

சரி மாப்பிள்ளை. கப்பல் எதுவும் திரும்பவில்லை. மலை ரயில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுந்து நின்றவர்களை நான் எண்ணவில்லை, முந்நூறு இல்லை என்பது மட்டும் நிச்சயம். எனக்குப் பூனையே கிடையாது. நம்ப முடியாததை எல்லாம் தாராளமாகத் தள்ளிவிடு. ஆனால் அந்தத் தம்பியைப் பார்த்துத் தனம் தன் கையைப் பற்றிச் சொன்னது இருக்கிறதே, அந்தச் சின்ன இடம் உண்மை. அதில் நான் ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமிருக்கவில்லை.

இப்படிக்கு,
தனத்தின் அண்ணன், உன் மச்சான்
வேலாயுதம்,
ஆறாம் மாடி, ஜெலுத்தோங்