தாலியும் எழுபத்தொன்பது கிலோவும்

ஜூலை 6, ஞாயிறு

நேற்று ஃபேக்டரி டின்னரில் அதிர்ஷ்டக் குலுக்கல். பன்னிரண்டு வருஷமாய் எனக்கு விழுந்ததெல்லாம் குடை, தண்ணீர் போத்தல், மறுபடியும் குடை. இந்தத் தடவை பழங்கால விமானத்தில் இரண்டு பேருக்குச் சவாரி! எங்கள் ஊர் கூலாய்க்கு மேலே அரை மணி நேரம். என் வீட்டுக்காரர் குணாளன் என்னை விடப் பலமாய்க் கத்தினார். லோரி ஓட்டி அலுத்தவர். "தனம், ஒரு நாளாவது ஜாம் இல்லாத ரோட்டுல போலாம்."

விண்ணப்பப் பாரத்தில் எடை கேட்டிருந்தார்கள். சின்ன விமானம், பயணிகள் இருவரும் சேர்ந்து 150 கிலோ தாண்டக் கூடாதாம். அவர் 76 என்று எழுதினார். நான் 62. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, வேறென்ன எழுதுவது? மகள் பிரவீனா பிறந்த வருஷம் அவரிடம் சொன்ன எடை. அவளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது.

ஜூலை 7

ஃபேக்டரி கேன்டீன் அரிசித் தராசில் ஆளில்லாத நேரம் பார்த்து ஏறினேன். 81. இறங்கி மறுபடி ஏறினேன். 81. தராசு பழசு.

ஜூலை 15

எட்டு நாளாய் வெள்ளரிக்காய். இவர் வேறு வெறுப்பேற்றுகிறார். நாலு ரொட்டி சானாய் சாப்பிடுகிற மனுஷன், ஒன்றோடு எழுந்துவிட்டார். "போதும்லா"வாம். பட்டினி கிடக்கிறவள் நான், இவருக்கு என்ன பத்தியம்? கேலி பண்றாரா?

ஜூலை 26

79. முருகா! நாளைக்கு அங்கேயே நிறுத்துப் பார்ப்பார்களாம். வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா? இவர் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். எப்படிச் சொல்வேன்?

ஜூலை 27, ஞாயிறு

மஞ்சள் விமானம். என்னை விட மூத்தது. பக்கத்திலேயே தராசு.

செருப்பு, வளையல், சங்கிலி, தலைப்பூ வரை கழற்றிவிட்டு ஏறப் போனேன். தராசருகே நின்ற மலாய்க்காரர் என் கழுத்தைக் காட்டி, "காக், தாலி தூ புக்கா லா" என்றார். தாலியைக் கழற்று என்கிறான்!

"யாரைப் பார்த்துடா தாலியக் கழட்டச் சொல்ற? புருஷன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு!"

தமிழில் தொடங்கி, மலாயில் ஏறி, இங்கிலீஷில் முடித்தேன். அந்த மனிதர் வெளிறிப்போய் மறுபடி காட்டினார். தாலியை இல்லை; பழக்கத்தில் மாட்டி வந்த ஃபேக்டரி பாஸ் தொங்கும் வார், அதில் கேன்டீன் சாவி பதினொன்று. மலாயில் கயிறு, வார் எல்லாமே தாலிதான். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை! அலமாக், மானம் போச்சு.

குணா சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வாரைக் கழற்றி ஏறினேன். அந்த மனிதர் பழிவாங்குகிற மாதிரி உரக்கப் படித்தார்: எழுபத்தொன்பது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்து இவர் ஏறினார். எழுபத்தொன்று. சரியாக 150.

"76-ன்னு எழுதினீங்களே?"

"நீ 62-ன்னு எழுதினப்பவே சாப்பாட்டக் குறைச்சுட்டேன். லோரிக்காரன்டி நான். லோட் என்னன்னு பார்த்தாலே தெரியாதா?"

அழுகையும் வந்தது, அடிக்கவும் தோன்றியது. அவர் தொடையில் கிள்ளினேன்.

மேலே போனால் செம்பனை, ஹைவே, அப்புறம் நம் வீட்டுக் கூரை. கொடியில் என் நைட்டி. செனாய் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, துணி!" என்று கத்தினேன். விமானி என்னமோ ஏதோ என்று பதறித் திரும்பினார்.

ஆகஸ்ட் 10

இவருக்கு நாலு ரொட்டி. எனக்கு மூன்று.

"இப்ப எவ்ளோ?" என்றார்.

82. சொன்னேன்.