அம்மாவின் பக்கம் இன்னும் காலி

கெல்டர், அயோவா
அக்டோபர், சனிக்கிழமை

அன்புள்ள அண்ணன் வெஸ்ஸுக்கு,

டெல்லா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நண்டுப் படகில் எவன் நலமாக இருப்பான்? கடலில் உன் போன் எடுக்காது, கம்பெனி முகவரிக்கு அனுப்பினால் கரைக்கு வரும்போது கையில் கொடுப்பார்கள் என்றாயே, அதனால்தான் கடிதம். நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா உயிரோடு, நன்றாக இருக்கிறாள். இதை ஏன் சொல்கிறேன் என்று போகப்போகப் புரியும்.

காலேஜை விட்டது உனக்குத் தெரியும். அப்புறம் பெட்ரோல் பங்கில் கொஞ்ச நாள், கோழிப்பண்ணையில் அதைவிடக் கொஞ்ச நாள். நான் வீட்டுக்குள் அலைவதைப் பார்த்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறதாம். "உயிரோட இருக்கறவங்க யாரும் உன்னை வேலைக்கு வெச்சுக்கல. செத்தவங்களோடயாவது போய்ப் பழகு" என்று சொல்லி, சர்ச்சில் ஆர்லீன் ஸ்டபியிடம் என்னை ஒப்படைத்துவிட்டாள். ஆர்லீன்தான் இப்போது கவுண்டி வம்சாவளிச் சங்கத்தின் தலைவி. பழைய பேங்க் கட்டடத்தில் அவர்களுடைய குடும்ப வரலாற்று ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சம்பளம் கிடையாது. காபி உண்டு, வாயில் வைக்க முடியாது.

'என் கொள்ளுத்தாத்தா உங்கள் ஊரில் பண்ணை வைத்திருந்தார்' என்று எங்கிருந்தோ யாராவது எழுதுவார்கள். நாங்கள் தேடிப் பதில் போடுவோம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி மட்டும் வெளியாரிடம் மூச்சு விடக்கூடாது. "செத்தாத்தான் நம்ம ஆளு" என்பாள் ஆர்லீன். கோடை வந்தால் மடக்கு நாற்காலியும் தொப்பியுமாகக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், கல் கல்லாகப் படித்து எழுதி வருவார்கள். போன கோடையில் அப்படிப் படித்தது லூத்தரன் தோட்டம், நம் அப்பா இருக்கிற இடம்.

அப்பாவின் கல்லை நினைத்துப் பார். எல்லாரும் வைக்கிற ஜோடிக் கல்தான். இடப்பக்கம் அப்பா, பிறந்த வருடமும் போன வருடமும். வலப்பக்கம் லானெட், 1963, பக்கத்தில் ஒரு கோடு, அதற்கப்புறம் வெற்றிடம். "எப்படியும் நானும் அங்கதானே வரப்போறேன், இப்பவே வெட்டிருங்க" என்று அம்மாதான் செதுக்கச் சொன்னாள். அந்த வரிசையைப் படித்தவர் மைலோ என்கிற கிழவர். கவுண்டியின் வடக்குக் கோடிக்காரர், நம் குடும்பத்தைத் தெரியாது, என்னையும் வெறும் டெல்லாவாகத்தான் தெரியும். இறந்த வருடத்தைச் செதுக்க ஆளில்லாமல் போயிற்று போல என்று பரிதாபப்பட்டு, அம்மாவையும் பட்டியலில் புதைத்துக் கணக்கை முடித்துவிட்டார். கல்யாணப் பதிவைத் தேடி, கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறார். லானெட் குவிஸ்ட்.

வியாழக்கிழமை ராஸ் கெம்பர் என்று ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கதவை அடைக்கிற உருவம், கையில் மஞ்சள் சாமந்தித் தொட்டி. ஆர்லீன் பல் டாக்டரிடம் போயிருந்தாள். ராஸின் விசாரணைக்குப் பதில் போட்டவர் மைலோ என்பதால் அவருக்கு ஒரே பூரிப்பு. "டெல்லா, லூத்தரன் தோட்டம், ஒன்பதாவது வரிசை. கூட்டிட்டுப் போ. அவங்க அம்மாவைப் பார்க்க வந்திருக்கார்" என்றார். வரிசை எண் எனக்கு உறைக்கவில்லை. அப்பாவை நான் மேப்பிள் மரத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ராஸின் டிரக்கில் போகும்போது அவராகவே சொன்னார். பிறந்த உடனே தத்துக் கொடுத்துவிட்டார்களாம், வளர்ந்தது ஒமாஹாவில். சட்டம் மாறியதால் அசல் பிறப்புச் சான்றிதழ் இப்போதுதான் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதிலிருந்த தாயின் பெயரைத்தான் எங்களுக்கு எழுதி விசாரித்திருக்கிறார். பெற்றபோது அந்தத் தாய்க்குப் பதினேழு வயது. "கோவமெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் வளர்ந்தேன், கவலைப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். லேட்டாயிருச்சு" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "கல்லு எதிர்த்துப் பேசாது, ஒரு விதத்துல வசதிதான்" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார்.

மேப்பிள் மரம் தெரிந்ததும்தான் அது எந்த வரிசை என்று எனக்கு உறைத்தது. ராஸ் நேராக அப்பாவின் கல்லுக்குப் போனார். மண்டியிட்டு, வலப்பக்கப் புல்லின் மேல் தொட்டியை வைத்து, அம்மாவின் பெயரை விரலால் தடவினார். அந்த நேரத்தில் அம்மா தலையில் வலையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மக்ரோனி போட்டுக்கொண்டிருப்பாள், அண்ணா. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தொண்டை வரை வந்தது. 1963-உடன் பதினேழைக் கூட்டிப் பார்த்தேன், ராஸின் வயதுக்குச் சரியாக வந்தது. குளிருது என்று பொய் சொல்லிவிட்டு டிரக்குக்கு ஓடிவிட்டேன். மோட்டலில் தங்கப்போவதாகவும், சனிக்கிழமை காலை இன்னொரு தடவை அங்கே வந்துவிட்டு ஊருக்குக் கிளம்புவதாகவும் சொன்னார்.

ஆர்லீன் திரும்பி வந்ததும் கத்தித் தீர்த்துவிட்டேன். அவள் வெளுத்துப்போய் உட்கார்ந்தாள். மைலோ, "பேரைக் கல்லுல வெட்டி வெச்சுட்டு ஊருக்குள்ள நடமாடினா நான் என்ன பண்ணுவேன்?" என்று முனகினார். இப்போதே மோட்டலுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். ஆர்லீன் கதவை மறித்தாள். "நில்லுடி. உங்கம்மா இத்தனை வருஷமா மூடி வெச்சதைத் திறக்க நீ யாரு, நான் யாரு? முதல்ல அவகிட்டப் போ" என்றாள். அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

நேற்றுச் சாயங்காலம்வரை வாய் வரவில்லை. "என்னடி, கூண்டுல அடைச்ச நரி மாதிரி சுத்தறே?" என்று அம்மாவே கேட்டாள். எனக்குப் பதமாகச் சொல்லத் தெரியாது, அப்படியே போட்டு உடைத்தேன். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. ஒன்றைச் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, "ஒல்லியா இருக்கானா?" என்று கேட்டாள். இல்லை, ஆள் மலை மாதிரி என்றேன். "பொறந்தப்ப ஒரு பிடிதான் இருந்தான். கையில குடுக்கல. தூரத்துலேருந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள். "வெஸ்ஸுக்குத் தெரிஞ்சா?"

அவள் பயமெல்லாம் ராஸ் இல்லை, நீதான். அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுமாம். நீதான் மூத்தவன், ஒரு சொல் பிடிக்காவிட்டாலும் கதவை அறைந்துவிட்டுப் போகிறவன். இதைக் கேட்டால் இனி இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டாய் என்று நினைக்கிறாள். போகிறேன் என்றாள், போகமாட்டேன் என்றாள், மறுபடி போகிறேன் என்றாள்.

இன்று காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டியை எடு. மோட்டல் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல. அவன் என்னைத் தேடி எங்க வந்தானோ அங்கயே நிக்கறேன்."

நான் காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டேன். அம்மா தன் பெயருக்குப் பக்கத்தில் நின்றாள். டிரக் வந்தது. யாரோ சொந்தக்காரி என்று நினைத்து ராஸ் தொப்பியைக் கழற்றி, "லானெட்டைத் தெரியுமாங்க உங்களுக்கு?" என்று கேட்டார். அம்மா கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "தெரியும்ப்பா. பூ ரொம்ப நல்லாருக்கு. ஆனா கொஞ்சம் அவசரப்பட்டுட்டே" என்றாள். அவர் கையிலிருந்த தொப்பி விழுந்தது. அதற்குமேல் நான் பார்க்கக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இப்போது அடுக்களையில் இருவரும் இருக்கிறார்கள். பேச்சுச் சத்தம் அதிகம் இல்லை, தட்டுச் சத்தம்தான். அடுத்த மாதம் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு மனைவியையும் மகளையும் கூட்டிவர அவருக்கு ஆசை. அம்மா, "என் பையன்கிட்டக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் கேட்கிறேன். கரைக்கு வந்ததும் போன் செய். கோபம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கத்து, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொள்கிறேன், பதிலுக்குக் கத்தமாட்டேன். அம்மாவிடம் எதையும் கிளற வேண்டாம். வான்கோழி எத்தனை பேருக்கு என்று மட்டும் கேள். அது போதும், அவளுக்குப் புரியும்.

படகு மேல்தளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நட. கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். அனுப்பினால், நேராக வீட்டுக்கு வா.

உன் தங்கை,
டெல்லா