நோட்டீஸ் என் வீட்டு வாசலுக்கே வரட்டும்

பிரேசர் டவுன்,
பெங்களூர்.

அன்பு மகன் ரெமிஜியஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீ துபாயில் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று, புதுக் கார் பக்கத்தில் நிற்கிற போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போனில் நீ தாலி கட்டின சோனியா பேரை எடுத்தாலே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மகள் பெனிட்டா கன்னடத்தில் வகுப்பிலேயே முதல். இங்கேயே பிறந்து வளர்ந்த நீ அதில் தட்டுத்தடுமாறித்தான் பாஸானாய். மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வாரம் பீஸ் கட்டவில்லை என்று பிள்ளையை ஆபீஸ் ரூமுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். பிள்ளைக்கு மாதாமாதம் கொடு என்று கோர்ட் உனக்குச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, சோனியா வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தே ஓய்ந்துவிட்டாள். நீ என் மருந்துக்கு அனுப்பினதை ஜோகுபாளையத்துக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன், வாங்கவில்லை. அத்தை, இது உங்க மருந்துக் காசு, அவரு குடுக்க வேண்டியதுதான் எனக்கு வேணும் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவளும் நம் தெரு பவுலின் டீச்சரும் இதே மாதிரி அலைகிற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சட்டத்தையே மாற்று என்று கேட்கிறார்கள். கொடுக்காதவனை ஜெயிலில் போடச் சொல்லலாம் என்றாள் சோனியா. ஜெயில் என்றால் ஆம்பளைகள் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள், ஒரு கட்சியும் தொடாது, பி.எஃப். பிடிக்கிற மாதிரி கம்பெனியே சம்பளத்தில் பிடித்துத் தாய் கணக்கில் போடட்டும் என்று கேட்போம் என்றாள் பவுலின். எலெக்ஷனுக்கு முன்னாலேயே இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே மேடையில் ஏற்றி, ஊர் கேட்கச் சம்மதம் சொல்ல வைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. வெள்ளைத் தலையைப் பார்த்தால் கட்சி ஆபீஸுக்குள் விடுவார்கள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். போகும்போதெல்லாம் டீ கொடுத்து ஆயித்து ஆயித்து என்று கன்னடத்தில் தலையாட்டி அனுப்பினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு கட்சி ஆபீஸில் இருந்தவன், இது டெல்லி விஷயம் என்றான். ஓட்டுக் கேட்டு வர்றப்போ மட்டும் டெல்லி ஞாபகம் வர்றதில்லையா என்று பவுலின் கேட்டாள். உடனே அவன் சிரித்துக்கொண்டே, சரிம்மா, ஃபாரின்ல இருக்கறவன் சம்பளத்தை யாரு போய்ப் பிடிக்கறது என்றான்.

சோனியா தரையைப் பார்த்தாள். என் முகம் நோகக் கூடாது என்றுதான் எல்லாரும் சும்மா இருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அப்பா இருந்தவரை நம் வீட்டுப் பேச்சு கேட்டைத் தாண்டினதில்லை, ரெமி. நான் எழுந்து, என் மகனே துபாய்லதான் இருக்கான், நோட்டீஸை என் வீட்டு வாசலுக்கு அனுப்புங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கறேன், சம்பளத்தைப் பிடிக்க முடியலேன்னா இங்க அவனுக்கு வர்ற வீட்டுப் பங்குல பிடிங்க என்றேன். அவன் சிரிப்பு நின்றது. பவுலின் அங்கேயே அதை மனுவில் சேர்த்தாள். திரும்பி வரும்போது சோனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. யார் வீட்டுப் பிள்ளையையோ சொன்ன மாதிரியா இருக்கும் எனக்கு?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்து கோயில் ஹாலில் கூட்டம். இரண்டு கட்சிக்காரர்களும் வருகிறோம் என்றிருக்கிறார்கள். மேடையில் நான் பேச வேண்டும். நீ கொடுத்தாலும் பேசுவேன், கொடுக்காவிட்டாலும் பேசுவேன், மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்களே. கொடுத்திருந்தால், என் மகன் இப்போது கொடுக்கிறான் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்குவேன்.

ஏ.சி. ரூமில் தலைக்குத் துணி கட்டாமல் படுக்காதே. எனக்கு இனி மருந்துக்கு அனுப்பாதே, பிள்ளைக்குச் சேர வேண்டியதை சோனியா கணக்கில் போடு. உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் கொடுக்கும்படி மாதாவிடம் தினமும் கேட்கிறேன், முதலில் புத்தியைத்தான் கேட்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
செசிலியம்மாள்