பீம்ராவுக்குப் பதில் சொல்லாத நாள்

மாட்சிமை தங்கிய ஜெயக்கொடி அக்காவுக்கு, எண்ணூர்ப் பாதாளத்தின் சக்கரவர்த்தி ஞானதுரை எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் ஒன்பது யானை பலத்தோடு இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

தொழிற்சாலைக்குக் கடல்நீர் வரும் குழாயில் ஊர்ந்துபோய், உள்ளே ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிறோம். எலியே மூச்சை அடக்கித்தான் அதில் நுழையும். பின்னால் வரும் என் தோஸ்து பீம்ராவ், "கீறியா மாமு?" என்று, நான் உயிரோடு இருக்கிறேனா எனக் கேட்டுக்கொண்டே வருவான். நான் பதில் சொல்லியாக வேண்டும்; அதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு.

செவ்வாயன்று விளையாட்டாக வாயை மூடிக்கொண்டேன். நான் செத்துவிட்டதாக நினைத்து அலறிக்கொண்டு குறுகலில் உடம்பைத் திணித்து வந்தான். சிப்பி அவன் தோளைக் கிழித்துவிட்டது. நான் சிரித்தேன்.

"எங்கண்ணன் குழாய்க்குள்ள இப்டித்தான் பதில் பேசாம செத்துப் பூட்டான். உனுக்கு சிரிப்பு வர்தா?" என்றான்.

அண்ணன் கதை எனக்குத் தெரியாது, அக்கா. இந்த ஊரில் என்னோடு பேசியவன் அவன் ஒருவன்தான். மன்னிப்புக் கேட்க வியாசர்பாடிக்குப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவன் அம்மா, "வூட்ல இல்லன்னு சொல்லச் சொன்னான்பா" என்றார்.

நீ காய்ச்சும் மஞ்சள் எண்ணெயை அவன் தோள் காயத்துக்கு, உறையின் பின்புறம் எழுதியிருக்கும் அவன் முகவரிக்கு அனுப்பு. ஆலைச் சங்கு ஊதிவிட்டது, குழாய்க்குள் இறங்க வேண்டும். பார்சலில் என் பெயரை எழுதாதே; பார்த்தால் வாங்கமாட்டான்.

உன் தம்பி,
ஞானதுரை